10க்கு 10 அறைக்குச் சப்வூஃபர் தேவையா?

ஆடி மாதம் வட சென்னையின் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் அம்மன் கோவில் தெருவில் அடுக்கும் ஸ்பீக்கர் பாக்ஸ்களின் பேஸ் அடி நெஞ்சுக்கூட்டில் வந்து உட்காரும். அதைக் கேட்டுவிட்டு வந்து வீட்டு ஸ்டீரியோவைப் போட்டால் உப்பில்லாத கூழ் மாதிரி இருக்கும். ஆழமான பேஸுக்கென்றே வரும் தனிப் பெட்டியான சப்வூஃபர் (சப்) ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

தெருவில் கேட்டது வீட்டுக்குள் வராது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். திறந்த வெளியில் பாக்ஸிலிருந்து கிளம்பும் பேஸ் உடம்பை ஒருமுறை கடந்து மேலே போய்விடுகிறது. திருப்பி அனுப்பக் கூரை இல்லை. அதனால்தான் அந்த அடி அவ்வளவு கறாராக விழுகிறது. இன்னொன்று, நெஞ்சில் படுகிற அந்த அடி, டோலக்கின் தட்டு, சட்டியின் சத்தம், சாவு மேளத்தின் அதிர்வு இவற்றில் பெரும்பகுதி 80 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 80 அதிர்வு) மேலே இருக்கிறது. சப்வூஃபரின் வேலையோ 80க்குக் கீழே. கானாப் பாட்டுக்கு அடி போதவில்லை என்று சப் வாங்குகிறவர்கள், வாங்கிய மறுநாள் அதன் கிராஸ்ஓவர் திருகியை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப் ஒலிக்க வேண்டும் என்று வைப்பது) 150 வரை ஏற்றிவிடுவது இந்தக் குழப்பத்தால்தான். ஏற்றியதும் ஆண் குரல் பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும், பேஸ் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும், ஸ்டீரியோ என்ற சங்கதியே கெட்டுவிடும். அடி மட்டும்தான் வேண்டுமென்றால் சப்பை விட்டுவிட்டு, 5 இன்ச் வூஃபர் பாக்ஸுக்குப் பதில் 8 இன்ச் வூஃபர் உள்ள நல்ல ஜோடி பாக்ஸ் வாங்குங்கள்.

80க்குக் கீழே என்னதான் இருக்கிறது? நாலு தந்தி பேஸ் கித்தாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தி என்றால் 31. இந்தக் காலத்துப் பாட்டுகளில் கம்ப்யூட்டரில் போடும் சிந்த் பேஸ் 30க்கும் 50க்கும் நடுவே தாராளமாக உலவுகிறது. கச்சேரி கேட்பவர்களுக்கு, 1 கட்டை சுருதியில் தம்புராவின் மந்தர ஷட்ஜம் 65. புத்தக அலமாரியில் வைக்கிற ஐந்தேகால், ஆறரை இன்ச் பாக்ஸ்கள் பொதுவாக 50, 60 ஹெர்ட்ஸிலேயே மூச்சுவாங்க ஆரம்பித்துவிடும். ஆகவே கீழே ஓர் அடுக்கு நிஜமாகவே காணாமல் போகிறது. ஐம்பது அறுபதுகளின் பழைய மோனோப் பாட்டுகள் மட்டும்தான் கேட்பீர்கள் என்றால் அந்த அடுக்கில் பெரிதாக ஒன்றும் இல்லை. காசை மிச்சப்படுத்துங்கள்.

இதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது, கடைக்காரர்கள் அதைச் சொல்வதில்லை. ஒரே அளவு சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியானால் ஸ்பீக்கரின் கோன் (ஆடும் கூம்பு) நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போயாக வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் ஆடும் கோன் 40இல் 4 மில்லிமீட்டர் ஆடவேண்டும். பின்னால் ஓட்டை (போர்ட்) வைத்த பாக்ஸில் அந்த ஓட்டை ஒத்திசையும் அதிர்வெண்ணில் கோன் சற்று ஓயும். அதற்குக் கீழே பிடிமானமே இல்லாமல் ஆடும். இப்படி ஆடுகிற அதே கோன்தான் பாடகரின் குரலையும் சுமக்கிறது. ஓடுகிற ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது மாதிரி, குரல் கலங்கிவிடும். 80க்குக் கீழுள்ளதை அந்தக் கோனிடமிருந்து பிடுங்கிச் சப்பிடம் கொடுத்துவிட்டால் குரல் தெளிகிறது, ஆம்ப்ளிஃபையருக்கும் (ஆம்ப்) சுமை குறைகிறது. பேஸ் கூடுவதைவிட இதுதான் காதுக்கு முதலில் தெரியும் மாற்றம். ஆனால் பிடுங்காமல், பழைய பாக்ஸ்கள் முழுசாக ஓட, பக்கத்தில் ஒரு சப்பை மட்டும் சேர்த்தால் இந்த லாபத்தில் ஒரு துளியும் வராது. எப்படிப் பிடுங்குவது என்பதைக் கீழே சொல்கிறேன்.

அறை

வட சென்னையில் சப் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். பழைய வண்ணாரப்பேட்டை ஒண்டுக்குடித்தனம், வியாசர்பாடி ஹவுசிங் போர்டு ஃபிளாட், ராயபுரத்து மாடி போர்ஷன், எதுவானாலும் பாட்டு கேட்கிற அறை பெரும்பாலும் 10க்கு 10 அடி, மிஞ்சிப்போனால் 10க்கு 12. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. 10 அடி என்பது 3.05 மீட்டர். வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 57 வருகிறது. அதாவது எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் அலை தூளி கட்டி ஆடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்றால் மூன்று தூளியும் ஒரே 57இல் சேர்ந்துகொள்ளும். பேஸ் கித்தாரில் அந்த ஒரு சுரம் வரும்போது மட்டும் அறை எழுந்து நிற்கும், அக்கம்பக்கத்துச் சுரங்கள் அதன் காலடியில் நசுங்கும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ‘பூம்’ என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். விலை உயர்ந்த சப் வாங்கினாலும் இது போகாது. அறையில் ஒரு பக்கம் 12 அடி இருந்தால் இன்னொரு தூளி 48க்கு இறங்கிவிடும். சுமை பிரிவதால் அந்த அறை கொஞ்சம் தேவலை.

சுவரோரம் இந்த அலை உச்சத்தில் இருக்கும், அறையின் நட்டநடுவில் செத்துக்கிடக்கும். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் அளவுக்கு மீறிய பேஸ். நடு அறையில் நாற்காலி போட்டால் பேஸே இல்லை. பின்சுவரிலிருந்து மூன்றரை, நாலு அடி தள்ளி உட்கார்ந்தால் இரண்டுக்கும் நடுவில் பிழைக்கலாம். 10 அடி அறையில் இதைச் செய்ய வீட்டில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்!

சப்பை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு பழைய உத்தி உண்டு. உட்காரும் நாற்காலியில் சப்பையே ஏற்றிவைத்து, பேஸ் கித்தார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அறையில் குனிந்து தவழ்ந்து கேட்பது. எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கிற இடம்தான் சப்புக்கு உரிய இடம். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் போக நம் அறைகளில் மிஞ்சுவது மூன்று இடமோ நாலு இடமோதான், அதனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மூலையில் வைத்தால் சத்தம் அதிகம் வரும், ஆனால் மூன்று தூளியையும் மூலைதான் ஆட்டிவிடும். 10க்கு 10 அறையில் மூலையை முதலிலேயே ஒதுக்கிவிட்டுச் சுவரின் நடுப்பகுதியில் ஆரம்பியுங்கள். சோபாவுக்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில் வைப்பதும் நல்ல வழி. காதுக்கு அருகில் இருப்பதால் குறைந்த சத்தமே போதும், பக்கத்து வீட்டுக்கும் அந்த அளவு குறைவாகவே போகும்.

எந்த சப்

8 அல்லது 10 இன்ச், மூடிய பாக்ஸ், 100 முதல் 150 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் பவர்). இந்த அறைகளுக்கு இது போதும். மூடிய பாக்ஸ் கீழே போகப்போக ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல் வீதம் மெதுவாக இறங்கும். சின்ன அறை கதவு ஜன்னல் மூடியிருந்தால் ஆழமான பேஸைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், இரண்டும் பொருந்திப்போகும். போர்ட் வைத்ததோ 24 டெசிபல் வீதம் சரியும், சரிவதற்கு முன்னால் நன்றாக முழங்கும். 12 இன்ச் சப் இங்கே அம்மிக்கல்லை மேசைமேல் வைத்த மாதிரி. பி.எம்.பி.ஓ. (கண நேர உச்ச பவர்) என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட் எழுதியிருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம்.

கார் பேஸ் டியூப் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். காரின் சின்னக் கூடு ஆழமான பேஸை ஏகமாகத் தூக்கிக் கொடுக்கும் என்று நம்பி வடிவமைத்தது அது. வீட்டு அறையில் அந்த உதவி பாதிகூட இல்லை. 200 வாட் உண்மையாகவே எடுக்க 12 வோல்ட்டில் 25, 30 ஆம்பியர் கொடுக்கும் பவர் சப்ளையும் வேண்டும். எல்லாம் கூட்டினால் மலிவு போய்விடும். பழைய 5.1 செட்டிலிருந்து கழற்றிய சப்பில் பல சமயம் உள்ளே ஆம்ப் இருக்காது. பின்னால் கரண்ட் வயர் இல்லையென்றால் அது வெறும் பெட்டி.

பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ பழையது பார்க்கிறீர்கள் என்றால், முதலில் பின்பக்கத் தகட்டில் வோல்ட் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த 115 வோல்ட் சரக்கை 230இல் சொருகினால் அன்றைக்கே கதை முடிந்தது. கோனை இரண்டு கைவிரல்களாலும் சமமாக அழுத்தி விடுங்கள், உள்ளே மணல் உரசுகிற சத்தம் வந்தால் கம்பிச்சுருள் (காயில்) தேய்கிறது. கோனைச் சுற்றியுள்ள விளிம்பு ஃபோம் என்றால் நகத்தால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், பொடிந்தால் ரீகோன் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லலாம். ரப்பர் விளிம்பு நம் கடற்காற்றுக்கு நெடுநாள் தாங்கும். கடைசியாக, எந்த வயரும் சொருகாமல் கரண்ட் மட்டும் கொடுத்துக் கேளுங்கள். சும்மா உறுமினால் உள்ளே பெரிய கெப்பாசிட்டர்கள் ஓய்ந்துவிட்டன.

வயரிங்

ஆம்பில் ‘சப் அவுட்’ இருந்தால் ஒரு ஆர்சிஏ வயரோடு (டிவி, டிவிடி பின்னால் சொருகும் ஆடியோ வயர்) முடிந்தது. இல்லையென்றால் சப்பின் ‘ஹை லெவல்’ முனைகளுக்கு ஆம்பின் ஸ்பீக்கர் முனையிலிருந்தே மெல்லிய வயர் இழுக்கலாம். கரண்ட் ஏறக்குறைய எடுக்காது, சாதாரண மெல்லிய வயரே போதும். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. இப்போது மலிவாகக் கிடைக்கிற சின்ன கிளாஸ் டி ஆம்புகள், டிபிஏ 3116 சிப் போட்ட போர்டுகள், பிரிட்ஜ் முறையில் ஓடுபவை. அவற்றில் கறுப்பு முனை பூமி (கிரவுண்ட்) இல்லை, அதிலும் சிக்னல் ஓடுகிறது. இரண்டு சேனலின் கறுப்பையும் சப்பின் பூமியோடு சேர்த்துவிட்டால் சிப் போய்விடும். சந்தேகமென்றால் ஆம்பை ஆன் செய்து, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனைக்கும் ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். 24 வோல்ட் அடாப்டரில் 12 வோல்ட் அளவுக்குக் காட்டினால் பிரிட்ஜ். பூஜ்யம் அருகே நின்றால் தைரியமாக இழுக்கலாம்.

புளூடூத் வழியாகச் சப்புக்கு மட்டும் சிக்னல் அனுப்புகிற வேலை வேண்டாம். பேஸ் தாமதமாக வந்து, கல்யாண ஊர்வலத்தில் பின்தங்கிய மேளம் மாதிரி ஆகிவிடும்.

இனி, பாக்ஸிடமிருந்து பேஸைப் பிடுங்கும் வழி. ஆம்பிலேயே ஹை பாஸ் வசதி (வைத்த ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டுவது) இருந்தால் 80இல் வையுங்கள். இல்லாதவர்களுக்கு ஒரு சேனலுக்கு ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான் செலவு. பவர் ஆம்பின் இன்புட்டுக்கு முன்னால், ஆர்சிஏ வயரின் நடுக் கம்பியில் தொடராக ஒரு பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர். ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளீட்டு மின்தடை) 47 கிலோ ஓம் என்றால் 0.047 மைக்ரோ ஃபாரட், 22 கிலோ என்றால் 0.1, 10 கிலோ என்றால் 0.22. மூன்றுமே ஏறக்குறைய 72 ஹெர்ட்ஸில் வெட்டும், ஆக்டேவுக்கு 6 டெசிபல். இம்பீடன்ஸ் தெரியாமல் கைக்கு வந்ததைப் போட்டால், உதாரணமாக 10 கிலோவுக்கு 0.1 போட்டால், வெட்டு 160க்கு ஏறிக் குரலின் அடிப்பகுதியே போய்விடும்.

கெப்பாசிட்டருக்கு முன்னாலேயே சிக்னலைப் பிரித்து ஒன்றைச் சப்புக்குக் கொடுக்கவேண்டும். பின்னாலிருந்து எடுத்தாலோ, ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுத்தாலோ, வெட்டிப்போன பேஸைத்தான் சப் பெறும். அதே சமயம் வால்யூம் கட்டுப்பாடு அந்தப் பிரிவுக்கும் முன்னால் இருக்கவேண்டும், இல்லையென்றால் பாட்டைக் குறைத்தாலும் சப் குறையாது. ஆகவே ப்ரீ அவுட் (வால்யூமுக்குப் பின் சிக்னல் வெளியே வரும் முனை), மெயின் இன் (பவர் ஆம்புக்குள் போகும் முனை) இரண்டும் தனித்தனியாக உள்ள ஆம்புக்கோ, போன் அல்லது டிஏசியில் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக்கும் பெட்டி) வால்யூம் வைத்துக் கேட்பவர்களுக்கோதான் இந்த வழி. ஸ்பீக்கருக்குத் தொடராகக் கெப்பாசிட்டர் போடலாமே என்றால், 8 ஓமுக்கு 250 மைக்ரோ ஃபாரட் ஆகும். அதோடு பேஸ் பகுதியில் ஸ்பீக்கரின் ஓம் 8இல் நிற்பதில்லை, பல மடங்கு ஏறி இறங்கும், கணக்கு பொய்த்துவிடும். எதுவுமே முடியாதவர்கள் பாக்ஸின் பின் ஓட்டையில் பழைய சாக்ஸைச் சுருட்டி அடைத்து, சப்பின் கிராஸ்ஓவரை 60 பக்கம் வையுங்கள். கோனின் ஆட்டம் குறையாது, ஆனால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது நிற்கும்.

பொருத்துவது

சப்பை அணைத்து, பாக்ஸ்களை மட்டும் சரியாக வைத்து முடியுங்கள். பிறகு சப்பின் கெயின் (சத்த அளவு) பூஜ்யம், ஹை பாஸ் உண்டென்றால் கிராஸ்ஓவர் 80. இணையத்தில் கிடைக்கும் சைன் டோன்களில் (ஒரே அதிர்வெண் ஒலி) 80ஐ ஓடவிட்டு, கெயினைப் பாதி ஏற்றி, சப்பின் ஃபேஸ் சுவிட்சை (அலையைத் தலைகீழாக்குவது) 0, 180 என்று இன்னொருவரை மாற்றச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். எதில் சத்தம் அதிகமோ அது சரி. இந்த ஒரு சுவிட்ச் தப்பாக இருந்தால், சப் போட்ட பின்னால் பேஸ் குறைந்துவிட்டது என்ற விசித்திரமான புகார் வரும். பிறகு 31, 40, 50, 57, 63, 80, 100 என்று ஒவ்வொன்றாக ஓடவிட்டு எது துருத்துகிறது, எது காணாமல் போகிறது என்று தாளில் குறியுங்கள். போன் மைக் எண்ணை அப்படியே நம்பாதீர்கள், ஒன்றுக்கொன்று ஒப்பிட மட்டும் உதவும். ஆர்ஈடபிள்யூ என்ற அறை ஒலி அளக்கும் இலவச மென்பொருளும் அளவு மைக் ஒன்றும் இருந்தால் வேலை சுத்தம்.

57இல் மேடு வந்தால் ஈக்வலைசரில் அதை மட்டும் 6, 8 டெசிபல் இறக்குங்கள். பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். 10 டெசிபல் ஏற்ற ஆம்ப் 10 மடங்கு பவர் கொடுக்கவேண்டும், கொடுத்தாலும் சுவர் அதையும் விழுங்கும். பள்ளத்துக்கு மருந்து நாற்காலியையோ சப்பையோ ஓர் அடி நகர்த்துவதுதான். கெயினைக் கடைசியாக, நாலைந்து வெவ்வேறு பாட்டுகளில் பாருங்கள். எல்லாப் பாட்டிலும் சப் ஓடுவது தெரிந்தால் அது அதிகம். பேஸ் இல்லாத பாட்டில் சப் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்தபின் வீடு பேச ஆரம்பிக்கும். 20இலிருந்து 100 வரை மெதுவாக ஏறும் டோனை நடுத்தர வால்யூமில் விட்டால், பீரோக் கதவு, ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி, ஃபேன் கப், பரணில் அடுக்கிய எவர்சில்வர் குண்டான்கள் என்று ஒவ்வொன்றும் தன் ஹெர்ட்ஸ் வந்ததும் கிணுகிணுக்கும். சப் உடைந்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிப்போகும் கேஸ்களில் பாதி இதுதான். கதவுக்கு ஃபெல்ட் துண்டு, குண்டான்களுக்கு நடுவே பழைய துணி. ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரை என்றால் ஒன்றும் செய்யமுடியாது, கெயினைக் குறைக்கத்தான் வேண்டும்.

உறுமல் வந்தால் சப்பிலிருந்து ஆர்சிஏவைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் பூமி வளையம் (கருவிகளின் கிரவுண்ட் வயர்கள் வழியே கரண்ட் சுற்றுவது). முதல் சந்தேகம் கேபிள் டிவி வயர்மேல். செட் டாப் பாக்ஸிலிருந்து அதைக் கழற்றினாலே பல வீடுகளில் அமைதி. ஆம்பும் சப்பும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் இருக்கட்டும். எர்த் பின்னை வெட்டிவிடுகிற வைத்தியம் மட்டும் வேண்டாம், பின்தகடு உலோகம்.

பக்கத்து வீடு. நாலரை இன்ச் செங்கல் சுவர் குரலைத் தடுக்கும், பேஸைத் தடுக்காது. அதிர்வெண் பாதியானால் சுவர் தடுப்பது சுமார் 6 டெசிபல் குறையும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல், அதுவும் ‘ஏ’ அளவில். அந்த அளவுமுறை 50 ஹெர்ட்ஸை 30 டெசிபல் குறைத்துக் காட்டும். போன் ஆப் பச்சை காட்டும்போதே பக்கத்து வீட்டுப் பாட்டி தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பார். பத்து மணிக்கு மேல் சப்பின் சுவிட்சை அணைத்துவிடுவதே மரியாதை. ஹை பாஸ் போட்டிருந்தால் மெலிந்து ஒலிக்கும், பரவாயில்லை. தரையில் ரப்பர் மேட் போட்டால் கீழ்வீட்டுக்குப் போகும் அதிர்வு கொஞ்சம் குறையும். காற்றில் போவது போய்க்கொண்டுதான் இருக்கும்.

காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்றில் ஆர்சிஏ பின்கள் பச்சை பூக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மாட்டுங்கள், கரகரப்பில் முக்கால்வாசி போய்விடும். தரைத்தள வீடென்றால் மழைக்காலத்தை மறக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மாதிரி தண்ணீர் உள்ளே ஏறினால் முதலில் நனைவது தரையில் உட்கார்ந்திருக்கும் சப்தான். சப் பெட்டியின் எம்டிஎஃப் (மரநார் அழுத்திய) பலகை ஒருமுறை ஊறினால் பப்படம், பின்தகட்டு ஆம்பும் அடியில்தான் இருக்கிறது. இரண்டு சிமென்ட் கல்லைப் போட்டு ஓர் அடி உயரத்தில் வையுங்கள். 57 ஹெர்ட்ஸின் அலை 6 மீட்டர் நீளம், அந்த ஓர் அடி அதன் கணக்கில் வராது.